ஐந்தாவது ஆள்



தீயணைப்புத் துறை பற்றிய பேச்சு என்றதும் வீரதீரக் கதைகளை எதிர்பார்த்து வந்தவர்கள் இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்று நான் பேசப் போவது கணக்கு. ஒரு ஊருக்கு எத்தனை வண்டி, ஒரு வண்டிக்கு எத்தனை ஆள், அவர்கள் எங்கே காத்திருக்க வேண்டும், ஒரு இடத்துக்குப் போய்விட்டால் அவர்கள் விட்டுப் போன இடத்தை யார் பார்த்துக்கொள்வது. கேட்பதற்கு நகராட்சி பட்ஜெட் கூட்டம் போல இருக்கும். ஆனால் இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்ட காலத்தில் பேட்டை பேட்டையாக எரிந்த ஊர் ஒன்று உண்டு. அதே ஊர்தான் இந்தக் கணக்கை உலகத்திலேயே மிகக் கவனமாகப் போட முயன்ற ஊரும். நியூயார்க்கைச் சொல்கிறேன்.

1865 வரை நியூயார்க்கில் தீயை அணைத்தவர்கள் தன்னார்வக் குழுக்கள். எந்தக் குழு முதலில் தண்ணீர் அடிப்பது என்பதில் போட்டி, போட்டியில் அடிதடி. வீடு ஒரு பக்கம் எரிந்துகொண்டிருக்க, குழாயடியில் இன்னொரு பக்கம் கைகலப்பு. அந்த ஆண்டு சம்பளப் படை வந்தது. குதிரை பூட்டிய நீராவி பம்புகள் வந்தன. கடைசிக் குதிரைகள் ஓய்வு பெற்றது 1922 டிசம்பரில், புரூக்ளினில். ஆனால் அன்று வகுத்த ஒரு பிரிவினை இன்றைக்கும் அப்படியே நிற்கிறது: என்ஜின் குழு வேறு, ஏணிக் குழு வேறு.

நமக்குச் சிவப்பு வண்டி எல்லாம் ஒன்றுதான். அங்கே அப்படியில்லை. என்ஜின் என்பது தண்ணீர். அதில் பம்ப் இருக்கும், ஏறத்தாழ 1,900 லிட்டர் பிடிக்கும் தொட்டி இருக்கும், மடித்து அடுக்கிய ஹோஸ் இருக்கும். ஏணி வண்டியில் பம்ப் கிடையாது, ஹோஸ் கிடையாது. நூறடி எழும்பும் ஏணி, கதவை உடைக்கும் கருவிகள், கொக்கிகள், கயிறுகள், ரம்பங்கள். நியூயார்க்கில் இருநூறுக்குச் சற்றுக் குறைவாக என்ஜின் குழுக்களும் நூற்று நாற்பது சொச்சம் ஏணிக் குழுக்களும் இருக்கின்றன. ஒரு கட்டிடத்தில் தீ என்று தகவல் வந்தால் மரபாக அனுப்பி வந்தது மூன்று என்ஜின், இரண்டு ஏணி, ஒரு பட்டாலியன் தலைவர். தீ உண்மைதான் என்று முதல் குழு ரேடியோவில் உறுதி செய்ததும் இன்னும் பலர் கிளம்புவார்கள்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் யார் என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்ப்போம். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு பழைய ஐந்து மாடிச் செங்கல் கட்டிடம், மூன்றாம் மாடியில் தீ என்று வைத்துக்கொள்வோம்.

என்ஜின் முதலில் வந்தால் கட்டிடத்தைத் தாண்டிப் போய் நிற்கும். வாசலை ஏணி வண்டிக்கு விட வேண்டும். ஹோஸைத் துண்டு சேர்த்து நீட்டிக்கொள்ளலாம், ஏணியை நீட்ட முடியாது என்பது அந்தத் தொழிலின் பால பாடம். ஓட்டுநர் ஹைட்ரண்டில் இணைப்புக் கொடுத்து பம்பைப் பார்த்துக்கொள்வார். அவர் வண்டியை விட்டு நகர முடியாது. அதிகாரி மேலே போய்த் தீ எங்கே என்று பார்க்க வேண்டும். மிச்சம் இருப்பவர்கள்தான் ஹோஸை மாடிக்குக் கொண்டு போகிறார்கள். ஒரு துண்டு ஐம்பது அடி. படிக்கட்டு வழியாகப் போனால் மாடிக்கு ஒரு துண்டு, எரியும் வீட்டுக்குள் ஒரு துண்டு என்று மனக்கணக்கு. படிக்கட்டின் நடுவே கிணறு போல் இடைவெளி இருந்தால் ஹோஸை நேராக மேலே தூக்கிவிடலாம், ஒரே துண்டு பல மாடிகளுக்குக் காணும். வாசலில் நுழையும்போதே அதிகாரி அண்ணாந்து பார்ப்பது அதற்குத்தான்.

தண்ணீர் ஏறாத ஹோஸ் துணி மாதிரி. தண்ணீர் ஏறிவிட்டால் கதை வேறு. ஒன்றேமுக்கால் அங்குல ஹோஸில் ஐம்பது அடித் துண்டு ஒன்றில் தண்ணீர் மட்டுமே 23, 24 கிலோ இருக்கும். இரண்டரை அங்குல ஹோஸில் அது இரட்டிப்பாகும். மேலும் அழுத்தம் ஏறிய ஹோஸ் விறைத்துக்கொள்ளும், வளையாது. ஒவ்வொரு கதவு மூலையிலும், படிக்கட்டுத் திருப்பத்திலும் மாட்டிக்கொள்ளும். முனையைப் பிடிப்பவர் ஒருவர். தாரையின் எதிர்விசை பின்னால் தள்ளும், ஏறக்குறைய முப்பது கிலோ விசை; அதைத் தாங்கி அவர் முதுகோடு முட்டுக் கொடுத்து நிற்பவர் இன்னொருவர். வாசல் மூலையில் நின்று ஹோஸை வளைத்து உள்ளே தள்ளிவிடுபவர் மூன்றாமவர். தேர் இழுத்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் தேர் தெருமுனை திரும்புவது கட்டை போடுபவர் கையில். அந்த மூலையில் ஆள் இல்லையென்றால் முன்னால் முனையைப் பிடித்திருப்பவர் எவ்வளவு பலசாலியானாலும் நின்ற இடத்திலேயே நிற்பார், தீ முன்னேறும்.

இப்போது ஏணிக் குழு. அதிகாரி தவிர ஐந்து பேர். அவர்கள் இரண்டாகப் பிரிவார்கள். அதிகாரியும் இருவரும் உள்ளே. அந்த இருவரில் ஒருவர் கையில் கோடாரியும் ஹாலிகன் கம்பியும். ஹியூ ஹாலிகன் என்ற நியூயார்க் தீயணைப்பு அதிகாரி 1948-ல் வடிவமைத்த கம்பி அது. ஒரு முனையில் கவை, மறு முனையில் ஆப்பும் கூரான கொம்பும். எத்தனை பூட்டுப் போட்ட இரும்புக் கதவானாலும் தெரிந்த இருவர் கையில் அது திறந்துவிடும். மற்றவரிடம் ஆறடிக் கொக்கியும் ஒன்பது லிட்டர் சொச்சம் பிடிக்கும் ஒரு தண்ணீர் உருளையும். ஒன்பது லிட்டர்! நம் வீட்டு வாளியில் அதைவிடக் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் அந்த ஒன்பது லிட்டரைக் கதவிடுக்கில் கணக்காகப் பீய்ச்சித் தீயைச் சில நொடி பின்வாங்க வைத்துவிட்டுக் கதவை இழுத்து மூடிவிடுவார். அந்தச் சில நொடியில் இன்னொருவர் தவழ்ந்து போய்ப் படுக்கையறையைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார். ஹோஸ் இன்னும் வந்திருக்காது.

மீதி மூவர் வெளியே. ஓட்டுநர் ஏணியை இயக்குவார். ஒருவர் வெளிப்புற இரும்புப் படிக்கட்டு வழியாகவோ பின்பக்கமாகவோ போய் ஜன்னல் வழியே தேடுவார். இன்னொருவர் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். எரியும் கட்டிடத்தின் உள்படிக்கட்டு வழியாக அவர் போகக்கூடாது. பக்கத்துக் கட்டிடத்தின் படியேறித் தாண்டி வர வேண்டும், அல்லது ஏணியில் ஏற வேண்டும். தனியாகப் போகிறார். மேலே போய்ப் படிக்கட்டு உச்சியிலுள்ள கதவை உடைத்துத் திறக்கிறார். அதுவரை படிக்கட்டு முழுக்க அடைத்து நின்ற புகை, சிம்னி வழியே போவதுபோல் மேலே போய்விடும். மேல்மாடியில் சிக்கியவர்களுக்கு மூச்சு வரும். பத்திரிகைப் படத்தில் இவர் வரமாட்டார். கீழே நின்று பார்ப்பவர்களுக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

இரண்டாவதாக வரும் ஏணிக் குழுவுக்குத் தீப்பிடித்த மாடியில் வேலையில்லை. அதற்கு மேல் மாடிக்குப் போக வேண்டும். அதுதான் ஆபத்தான மாடி.

இந்த வேலைகள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று எதிர்பார்த்து நடக்க வேண்டும். அது பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1994 மார்ச் 28-ஐச் சொல்ல வேண்டும். மன்ஹாட்டனில் வாட்ஸ் தெரு 62. கீழ்வீட்டில் குடியிருந்தவர்கள் வெளியே போகும்போது ஒரு பிளாஸ்டிக் குப்பைப் பையை அடுப்பின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் காஸ் அடுப்பில் எப்போதும் எரியும் சிறு சுடர் ஒன்று உண்டு. பை பற்றியது. வீடு குளிருக்காக இறுக்கி அடைத்தது, காற்றுப் புக வழியில்லை. தீ மூச்சுத் திணறி, புகையைக் கக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே குமைந்தது. மூன்று என்ஜின், இரண்டு ஏணி, ஒரு பட்டாலியன் தலைவர் வந்தார்கள். முறைப்படி ஒரு பிரிவினர் கீழ்வீட்டுக் கதவை உடைத்தார்கள். ஏணிக் குழுவின் மூவர் மேல்வீட்டு வாசலில் நின்றார்கள். கீழ்க்கதவு திறந்ததும் காற்று உள்ளே போனது, எரியாமல் தேங்கியிருந்த புகை முழுவதும் தீயாகிப் படிக்கட்டு வழியே மேலே பாய்ந்தது. கீழே இருந்தவர்கள் விலகிவிட்டார்கள். மேலே இருந்தவர்களுக்கு விலக இடமில்லை. அந்தச் சுவாலை ஆறரை நிமிடம் நின்று எரிந்தது என்று பிறகு கணினி மாதிரி கொண்டு கணக்கிட்டார்கள். மூவரும் இறந்தார்கள், ஒருவர் நாற்பது நாள் மருத்துவமனையில் கிடந்த பிறகு.

யாரும் சோம்பியிருக்கவில்லை, யாரும் கட்டளையை மீறவில்லை. அன்று தெரிந்திருந்த முறை அதுதான். 2012-ல் நியூயார்க் துறையின் பழைய பழக்கங்களைச் சோதிக்க கவர்னர்ஸ் தீவில், இடிக்கக் காத்திருந்த வீடுகளை வரிசையாக எரித்துப் பார்த்தார்கள். இன்றைய வீடுகளில் மெத்தையும் சோபாவும் பிளாஸ்டிக் நுரை. தீ சீக்கிரமே காற்றைத் தின்று தீர்த்துவிடுகிறது. பிறகு யாராவது ஜன்னலை உடைத்துக் காற்றுக் கொடுத்தால் சீறுகிறது. அதன் பிறகு விதி மாறியது. வெளியே நிற்பவர் ஜன்னலை உடைக்குமுன் உள்ளே இருக்கும் தம் அதிகாரியிடம் ரேடியோவில் கேட்க வேண்டும். தண்ணீர் தயாரா? ஆம் என்றால்தான் உடைக்கலாம்.

தலைப்புக்கு வருகிறேன். நியூயார்க் என்ஜின் வண்டியில் அதிகாரி தவிர நான்கு பேரா, ஐந்து பேரா? இந்த ஒரு கேள்வி பல பத்தாண்டுகளாகத் தீயணைப்பு வீரர் சங்கத்துக்கும் நகராட்சிக்கும் நடுவே ஓயாத வழக்கு. அறுபது என்ஜின்களில் ஐந்தாவது ஆள் இருந்தார். மேயர் புளூம்பெர்க் காலத்தில், 2011-ல், ஒப்பந்தம் முடிந்ததைக் காரணம் காட்டி அவரை எடுத்துவிட்டார்கள். 2015-ல் புதிய ஒப்பந்தம். சில என்ஜின்களில் படிப்படியாகத் திரும்ப வந்தார், அதுவும் வீரர்களின் மருத்துவ விடுப்பு ஒரு அளவைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. அதாவது உங்கள் தெருவில் ஹோஸ் இழுக்க எத்தனை பேர் வருவார்கள் என்பது, மற்றவர்கள் எத்தனை நாள் காய்ச்சலில் படுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. இப்படியொரு நிபந்தனையை எழுதியவர் யாரோ, அவர் வீட்டில் தீப்பிடிக்காமல் இருக்கட்டும்.

நகராட்சியின் பக்கமும் வெறும் கஞ்சத்தனம் அல்ல. வண்டியில் ஒரு இருக்கை கூடினால் ஒரு சம்பளம் கூடும் என்று நாம் நினைப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். அந்த இருக்கை இரவும் பகலும் நிரம்பியிருக்க வேண்டும். ஒருவர் வாரத்துக்குச் சராசரி நாற்பது மணி சொச்சம் வேலை செய்தால் நான்கு பேர் வேண்டும். விடுமுறை, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேரை நெருங்கும். அறுபது இருக்கை என்றால் முந்நூறு பேர் சம்பளம், பிறகு ஓய்வூதியம். நிதி அதிகாரியின் கண்ணில் அது பெரிய தொகைதான். மறுபக்கம், ஐந்தாவது ஆள் இல்லாவிட்டால் ஹோஸ் மேலே போகாமலா இருக்கிறது? போகிறது. இரண்டாவது என்ஜின் வந்து சேர்ந்து, அவர்களும் சேர்ந்து இழுக்கிறார்கள். சிக்கல் அந்த 'வந்து சேர்ந்து' என்பதில் இருக்கிறது.

இதற்கு வெறும் அனுபவ வாதம் போதாது என்று ஒரு அளவீடும் நடந்தது. அமெரிக்க அரசின் நிஸ்ட் ஆய்வு நிறுவனம் 2010-ல் வெளியிட்ட அறிக்கை அது. மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களின் இரண்டு மாவட்டங்களைச் சேர்ந்த தீயணைப்பு வீரர்களைக் கொண்டு, 2,000 சதுர அடி இரண்டடுக்கு வீட்டில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். வண்டிக்கு இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர், ஐந்து பேர் என்று மாற்றி மாற்றி. ஏணி சாத்துவது முதல் தேடுவது வரை 22 வேலைகள், ஒவ்வொன்றுக்கும் கடிகாரம். வண்டிக்கு நான்கு பேர் இருந்த குழுக்கள், இரண்டு பேர் இருந்த குழுக்களைவிட 30 சதவீதம் சீக்கிரம் முடித்தன. மூன்று பேர் இருந்தவற்றைவிட 25 சதவீதம் சீக்கிரம். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே இவ்வளவு வித்தியாசமா என்று தோன்றும். காரணம் எளிது. ஓட்டுநர் பம்பில், அதிகாரி சூழ்நிலையில். மூன்று பேர் வண்டியில் உண்மையில் கை ஒன்றுதான் மிச்சம். நான்கு பேர் வண்டியில் இரண்டு. ஒன்று இரண்டாக ஆவது சிறிய கூட்டல் அல்ல.

அந்நாட்டில் 1998 முதல் ஒரு தொழிலாளர் பாதுகாப்பு விதியும் உண்டு. புகைக்குள் இருவராகத்தான் போக வேண்டும். போகும்போது வெளியே இருவர், அவர்களை மீட்கத் தயாராக நிற்க வேண்டும். உள்ளே உயிர் இருப்பது தெரிந்தால் மட்டும் விலக்கு. மூன்று பேரோடு வந்த வண்டி இந்த விதிப்படி என்ன செய்யலாம்? வாசலில் நின்று அடுத்த வண்டியை எதிர்பார்க்கலாம். 2001-ல் வந்த என்எஃப்பிஏ 1710 என்ற தர விதி வண்டிக்கு நான்கு பேர் குறைந்தபட்சம் என்றது. முதல் என்ஜின் நான்கு நிமிடப் பயணத்துக்குள், முழுப்படையும் எட்டு நிமிடத்துக்குள், பத்தில் ஒன்பது முறையாவது வர வேண்டும் என்றது. அது சட்டம் அல்ல, பரிந்துரை. அமெரிக்காவில் எத்தனையோ ஊர்கள் இன்றும் மூன்று பேரோடுதான் ஓடுகின்றன. ஒரே வண்டியில் ஏணியும் பம்பும் சேர்த்துவிட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்று எண்பதுகளின் பிற்பகுதியில் செயின்ட் லூயிஸ் நகரம் என்ஜின்கள் எல்லாவற்றையும் அப்படி மாற்றிப் பார்த்தது. வண்டி இரட்டை வேலை செய்யும், சந்தேகமில்லை. அதில் உட்கார்ந்து வரும் நான்கு பேர் எட்டுப் பேர் ஆகமாட்டார்கள்.

இதுவரை ஒரு தீ, ஒரு கட்டிடம். ஊர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கணக்கு வேறு விதமாகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

தெருமுனைகளில் அபாய அறிவிப்புப் பெட்டிகள் இருந்த காலம். கைப்பிடியை இழுத்தால் பெட்டியின் எண் தந்தி மணியாகத் துறைக்குப் போகும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அட்டை. அந்த முனையில் தீ என்றால் முதல் அழைப்புக்கு யார் யார், இரண்டாம் அழைப்புக்கு யார், மூன்றாவதுக்கு யார் என்று அதில் வரிசை. அதோடு இன்னொரு வரிசையும்: இத்தனை பேர் போய்விட்டால் அவர்களுடைய காலி நிலையங்களுக்கு எந்தத் தூரத்துக் குழு வந்து உட்கார வேண்டும். தீயே இல்லாத இடத்துக்கு ஒரு வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு போகும். யாரோ ஒருவருடைய நிலையத்தில் போய் உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்களுக்கு வீண் வேலை. ஆனால் பெரிய தீயில் ஒரு பேட்டையின் வண்டிகள் எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டு தெரு தள்ளி ஒரு சமையலறை பற்றினால், அந்த உட்கார்ந்திருக்கும் வண்டிதான் கதி.

அட்டை முறை நன்றாகத்தான் வேலை செய்தது, ஒரு நேரத்தில் ஒரு பெரிய தீ என்று இருந்தவரை. அறுபதுகளின் கடைசியில் பிராங்ஸிலும் புரூக்ளினிலும் ஒரே இரவில் பல பெரிய தீ. அட்டையைப் பார்த்து ஒரு குழுவைக் கூப்பிட்டால் அது ஏற்கெனவே வேறொரு தீயில் இருக்கும். அட்டை எழுதியவருக்கு இந்த இரவு தெரியாது. இந்த நேரத்தில்தான் மேயர் லிண்ட்சே காலத்தில், 1969-ல், நியூயார்க் நகர ராண்ட் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. பீட்டர் கோலசாரும் வாரன் வாக்கரும், அந்தந்த நிமிட நிலவரத்தைப் பார்த்து எந்த வண்டியை எங்கே நகர்த்துவது என்று கணினி சொல்லும் முறையை உருவாக்கினார்கள். அதைப் பற்றி 1974-ல் வெளியான கட்டுரைக்கு அந்த ஆய்வுத் துறையின் உயரிய பரிசும் கிடைத்தது. நல்ல வேலை அது. பின்னால் நடந்தவற்றுக்காக அதையும் சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை.

அதே குழுவினர் கண்ட இன்னொன்று சதுரமூல விதி. ஒரு பகுதியின் பரப்பை, அங்கே ஓய்வாக நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து, சதுரமூலம் எடுத்தால், முதல் வண்டி ஓட வேண்டிய சராசரித் தூரம் அதற்கு விகிதமாக இருக்கும். வண்டிகளைப் பாதியாக்கினால் தூரம் இரட்டிப்பாகாது, நாற்பது சதவீதம்தான் கூடும். அழகான விதி, சோதித்தால் சரியாகவும் வருகிறது. ஒரு மேயரின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எந்தப் பகுதியில் நிலையங்கள் நெருக்கமாக இருக்கின்றனவோ அங்கே ஒன்றை மூடினால் சராசரி நேரம் சில நொடிதான் கூடும். நெருக்கமாக இருந்தவை எங்கே? ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த, கட்டிடங்கள் பழசான, தீ அதிகமான பகுதிகளில். தெற்கு பிராங்ஸில், புரூக்ளினின் பிரவுன்ஸ்வில்லில்.

1972-ல் மூடல்கள் தொடங்கின. அறுபதுகளிலேயே துறையின் தலைமை அதிகாரியாகி, பிறகு ஆணையராகவும் ஆன ஜான் ஓஹேகன் இந்த ஆய்வுகளுக்குத் துணை நின்றவர். தொழில் அறிந்தவர், அறிவாளி, உயரக் கட்டிடங்களின் தீ பற்றி அன்று அவரைவிடத் தெரிந்தவர் குறைவு. பொய் அழைப்புகள் அதிகமான தெருப் பெட்டிகளுக்கு வழக்கமான ஐந்து வண்டிகளுக்குப் பதில் குறைவாக அனுப்பலாம் என்ற முறையும் அந்தக் காலகட்டத்தில் வந்தது. பொய் அழைப்பென்றால் மிச்சம். உண்மையான தீ என்றால், முதல் வண்டி நேரத்தோடு வந்து நின்று, மற்றவர்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கே ஓட்டை என்று கேட்டால், விதியில் இல்லை. 'ஓய்வாக நிற்கும் வண்டிகள்' என்று அதிலேயே இருக்கிறது. தெற்கு பிராங்ஸில் இரவு பத்து மணிக்கு எந்த வண்டி ஓய்வாக நின்றது? ஒரு நிலையத்தை மூடினால் அதன் தீயெல்லாம் பக்கத்து நிலையத்தின் தலையில் விழும். அது ஓய்வாக நிற்கும் நேரம் குறையும். அதன் பிறகு மூன்றாவது நிலையம். சராசரியில் இது தெரியாது. மேலும் அந்தச் சராசரி சொல்வது முதல் வண்டி வரும் நேரத்தை. மொட்டை மாடிக்குப் போகிறவர், ஹோஸுக்கு மூலையில் நிற்கிறவர், மேல் மாடியைத் தேடும் இரண்டாவது ஏணிக் குழு, இவர்கள் வந்து சேரும் நேரம் அதில் தெரியாது. மூன்றாம் மாடித் தீ ஐந்தாம் மாடித் தீயாவது அந்த இடைவெளியில்தான்.

எழுபதுகளில் பிராங்ஸ் பேட்டை பேட்டையாக எரிந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொன்னால் அது மிகை. வீட்டு உரிமையாளர்கள் கட்டிடங்களைக் கைவிட்டார்கள், வங்கிகள் கடன் கொடுக்க மறுத்தன, காப்பீட்டுப் பணத்துக்காகத் தீ வைத்தவர்களும் உண்டு. ஆனால் எரிகிற ஊரிலிருந்து என்ஜினை எடுத்தது அந்தப் பட்டியலில் நகராட்சி தன் கையாலேயே செய்த காரியம். 1975-ல் நியூயார்க் திவாலாகும் நிலைக்கு வந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட தீயணைப்பு வீரர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு பகுதியினர் சில நாளில் திரும்ப அழைக்கப்பட்டார்கள். மேலும் நிலையங்கள் மூடப்பட்டன.

அவற்றில் ஒன்று புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க்கின் வடக்குப் பகுதியில் இருந்த என்ஜின் 212. பெரும்பாலும் போலந்து, இத்தாலி வம்சத் தொழிலாளர் குடும்பங்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய மர வீடுகள். 1975 நவம்பரில் மூட உத்தரவு வந்த இரவு மக்கள் திரண்டு போய் நிலையத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். வண்டியை வெளியே விடவில்லை. பிறகு அங்கேயே குடியேறினார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள், சமைத்தார்கள், கூட்டம் போட்டார்கள். ஒரு ஆண்டுக்கு மேல் இப்படி. அவர்களிடம் சதுரமூலம் இல்லை. தங்கள் தெருவில் எந்த வீடு எந்த வீட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அடுத்த என்ஜின் எந்தச் சாலையைத் தாண்டி வர வேண்டும் என்பது தெரியும். கடைசியில் நகராட்சி இறங்கி வந்தது, என்ஜின் திரும்பியது. 'மக்களின் தீயணைப்பு நிலையம்' என்று அதற்குப் பெயர் நிலைத்தது.

2003-ல் மேயர் புளூம்பெர்க் ஆறு என்ஜின் குழுக்களைக் கலைத்தார். 212 அதில் ஒன்று. இந்த முறை திரும்பவில்லை. அந்த ஆறில் புரூக்ளினின் 209, குயின்ஸின் 261 ஆகிய இரண்டும் ஏணிக் குழுக்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவை. என்ஜின் போனது, ஏணிக் குழு அங்கேயே தங்கியது. மணி அடித்தால் அவர்கள் முன்போலவே கிளம்பினார்கள். கதவை உடைக்க ஆள் உண்டு, தேட ஆள் உண்டு, மொட்டை மாடிக்குப் போக ஆள் உண்டு. கூடவே கிளம்பும் ஹோஸ் மட்டும் இல்லை. தண்ணீர் வேறொரு பேட்டையிலிருந்து வர வேண்டும். அந்த இரண்டு நிலையங்களிலும் முதல் வண்டி வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால், எதுவும் மாறியதாகத் தெரியாது.

கேள்விகளுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். கேளுங்கள்.